செவியும் கேள்வியும்

ஓசை செவியிற் புகுகின்றது, நாம் கேட்கின்றோம். இவ்விரண்டும் ஒரே நிகழ்ச்சி என்றே உலகினர் பெரும்பாலும் கருதுகின்றனர். சிறிது ஆராயின் இவை வெவ்வேறு என்பது புலனாகும். ஓசை புகுந்தும் கேளாத காலம் உண்டு. புகுந்த அசைவு ஒன்றாயிருக்கக் கேட்கப்படுவன பலவாதலும் உண்டு. வேறு வேறு ஓசைகள் புகவும், ஒன்றே புகுந்ததாகக் கேட்டலும் உண்டு. எனவே, கேட்பது செவியா, செவியைக் கருவியாகக் கொண்ட பிறிதொன்றா என்னும் வினா எழுகின்றது. இஃது ஏட்டளவில் நின்றொழியும் வினா அன்று. செவிப்புலன் இல்லாதாரை அறிவும் இல்லாதார் என்று ஒதுக்கும் வழக்கம் நம்மவரிடை இன்னும் முற்றும் ஒழிந்திலது. அவ்வழக்கம் நேரிதா என்பது மேற்கூறிய வினாவின் விடையைப் பொறுத்தே நிற்கும். ஆதலின், இதனை முறையே ஆராய்வாம்.

1. நவிரமலையின் ஓசைகள்

பத்துப்பாட்டின் இறுதியில் நிற்பது மலைபடுகடாம். இதனைக் கூத்தராற்றுப்படை எனவும் வழங்குவர். இரணிய முட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன் சேய் நன்னனைப் பாடிய 583 அடிகள் கொண்ட பாட்டு இது. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1889இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்ததால், இப்பாட்டு யாவர் கைக்கும் எட்டுவதாயிற்று. செங்கண்மா என்பது இந்நாட் செங்கம். அது சவ்வாது மலையின் அடிவாரத்தது. பாட்டிற் புகழப்படும் நவிரமலையைப் பர்வதமலை என்றும், அதனோடு இயைந்த சவ்வாது மலைத்தொடர் என்றும் அறிஞர் கொள்வர். பாட்டிற் கூறப்படும் சேயாறு இன்றும் அம்மலையிற் பிறந்து ஓடுகின்றது. அம்மலைமேல் நஞ்சுண்ட பெருமான் எழுந்தருளியிருத்தலையும் அப்புலவர் குறிப்பிடுகின்றார்.

இப்பாட்டின் பெயரே செவியைப் பற்றியது. மலையை யானையாகவும், அதனிடத்துப் பிறக்கும் ஓசையை அவ்யானையின் மதமாகவும் உருவகித்தமையின் இப்பெயர் பெற்றது என்று நச்சினார்க்கினியர் விளக்குவர். அப்பெயருக்கேற்ப, மலைவழிச் செல்லும் கூத்தர் கேட்கக்கூடிய ஓசைகளைப் புலவர் ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குகின்றார். அருவியில் ஆடும் மகளிர் எழுப்பும் ஒலி, தேனெடுத்த கானவரின் ஆரவாரம், குட்டியை மலைப்பிளவில் இழந்த மந்தியின் அலறல், புலியாற் புண்பட்ட கணவரைத் தேற்றும் மகளிரின் பாட்டு, வேங்கைப்பூக் கொய்வாரின் கூச்சல், தினை குற்றுவாரின் வள்ளைப்பாட்டு, கிளி கடிவாரின் குரல், பன்றியை வெருட்டும் பறை, கரும்பாலையின் ஓசை என்று அவ்வரிசை நீளுகின்றது. இவையனைத்தும் விடர்களில் எதிரொலித்து ஒன்றாகிய பேரோசையே மலையின் கடாம்.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. மலை இவற்றைத் தனித்தனியே நம்மிடம் தருவதில்லை. யாவும் கலந்தே வருகின்றன. ஆயினும் புலவர் அவற்றைத் தனித்தனியே எண்ணுகின்றார். நாமும் அவ்விடத்து நிற்பின் அவ்வாறே எண்ணுவோம். கலந்து வந்தது எவ்வாறு பிரிந்தது? பிரித்தது எது?

2. ஓசை வரும் வழி

ஓசையாவது, ஒரு பொருள் அதிர்தலால் அதனைச் சூழ்ந்த காற்றில் நெருக்கமும் நெகிழ்ச்சியும் மாறி மாறித் தோன்றிப் பரவுதல். காற்று தானே ஓடிவந்து செவியைச் சேர்வதன்று. காற்றின் ஒவ்வொரு கூறும் நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் அசைய, அவ்வசைவு மட்டும் அலையாகப் பெயர்ந்து வருகின்றது. 20 பாகை வெப்பமுள்ள காற்றில் அதன் விரைவு வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். 170 மீட்டர்க்கு அப்பாலுள்ள பாறைச்சுவரை நோக்கிக் கூவினால், ஒரு வினாடி சென்று நம் குரல் நமக்கே திரும்பி வருதல் இக்கணக்கினால் விளங்கும்.

காற்று முதலிய பொருள் ஒன்று இடையில் இல்லையாயின் ஓசை செல்லாது. இதனை இராபர்ட் பாயில் காற்று நீக்கிய கலத்தினுள் சோதித்து 1660இல் வெளியிட்டார். சவ்வாது மலையிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அங்குக் காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில், 2.34 மீட்டர் குறுக்களவுள்ள ஆடி பொருந்திய தொலைநோக்கி 1986 முதல் விண்மீன்களின் ஒளியைத் திரட்டி வருகின்றது. விண்மீன்களின் கொதிப்பிற் பெருமுழக்கம் எழுந்தாலும், அதில் ஓர் அணுவளவும் அம்மலையை எட்டுவதில்லை. ஒளி வெற்றிடத்தைக் கடக்கும், ஓசை கடவாது.

இவ்விடத்து நம் அன்பர் சிலர்க்கு ஓர் ஐயம் எழலாம். ஓசை ஆகாயத்தின் குணம் என்றன்றோ நம் நூல்கள் கூறும்? காற்றின் அசைவே ஓசை என்னும் இக்காலக் கொள்கையோடு அது மாறுபடாதோ எனின், கூறுதும். ஓசை எவ்வழியே பரவுகின்றது என்னும் வினாவிற்கு விடை சோதனையால் அறியப்படுவது. அவ்விடை காற்று முதலிய பொருள்களின் அதிர்வு என்பதே. அதனை மறுத்தலும், நூலை வலிந்து திரித்து அப்பொருள் தோன்றச் செய்தலும் நமக்கு வேண்டா. தத்துவ நூல் ஆராய்வது வேறொன்று. அறியப்படும் பொருளுக்கும், அதனை அறிதற்குரிய கருவிக்கும், அக்கருவியைச் செலுத்தும் அறிவுக்கும் உள்ள தொடர்பே அதன் பொருள். இரண்டு வினாக்களையும் ஒன்றாக்குதலால் இரண்டிற்கும் இழுக்கு நேரும்.

3. செவியாகிய கருவி

இனி, அலை செவியை அடைந்தபின் நிகழ்வதைக் காண்போம். வெளியே காணப்படும் செவிமடல் அலையைத் திரட்டி உட்செலுத்துகின்றது. மடலின் மடிப்புக்கள் அழகிற்காக அமைந்தன அல்ல. மேலிருந்து வரும் ஓசையையும் கீழிருந்து வரும் ஓசையையும் அவை சிறிது வேறுபடுத்துவதால், ஓசை வந்த உயரத்தை நாம் அறிகின்றோம். உள்ளே சென்ற அலை செவிப்பறையை அசைக்கின்றது. நாம் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஓசையில் அப்பறை அசையும் அளவு, ஓர் அணுவின் குறுக்களவினும் சிறிது.

செவிப்பறையை அடுத்துச் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று வடிவாற் பெயர்பெற்ற மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. நம் உடம்பின் எலும்புகளுள் மிகச் சிறியது அங்கவடியே. காற்றின் மெல்லிய அசைவு நேரே நீரிற் பட்டால் பெரும்பகுதி திரும்பிவிடும். உட்செவியோ நீரால் நிறைந்தது. அகன்ற பறையின் அசைவைச் சிறிய அங்கவடியின் அடியிற் குவித்து வலிமைப்படுத்தி, அந்நீரை அசையச் செய்வதே இவ்வெலும்புகளின் தொழில்.

உட்செவியில் நத்தையின் ஓடுபோல் இரண்டரைச் சுற்றுக்கு மேற் சுருண்ட குழல் ஒன்று உண்டு. விரித்தால் அதன் நீளம் ஏறக்குறைய 35 மில்லிமீட்டர். அதனுள் நெடுகக் கிடக்கும் மென்றகடு, யாழின் நரம்புகள்போல், ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு சுருதிக்கு மிகுதியாக அசைகின்றது. விரைந்த அதிர்வுகளாகிய உச்சவோசைகள் குழலின் தொடக்கத்திலும், மந்தவோசைகள் அதன் நுனியிலும் தகட்டை அசைக்கும். இதனைச் சோதித்து விளக்கிய பெக்கேசி என்பார்க்கு 1961இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. மக்கட் செவி உணர்வது, வினாடிக்கு ஏறக்குறைய 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளை. முதுமையில் உச்ச எல்லை படிப்படியாகக் குறையும்.

தகட்டின்மேல் நுண்மயிர்க் கண்ணறைகள் வரிசையாக நிற்கின்றன. உள்வரிசையில் ஏறக்குறைய 3,500. வெளிவரிசைகளில் ஏறக்குறைய 12,000. உள்வரிசைக் கண்ணறைகள் அசைவை நரம்பின் மின்குறிப்பாக மாற்றி மூளைக்கு விடுக்கின்றன. வெளிவரிசைக் கண்ணறைகளோ தாமே நீண்டும் குறுகியும் மெல்லிய அசைவை வலுப்படுத்துகின்றன. இதனால் செவி ஓசையைக் கொள்வதோடு மிக மெல்லிய ஓசையை வெளியே விடுதலும் செய்கின்றது. இவ்வியப்பை டேவிட் கெம்ப் என்பார் 1978இல் கண்டறிந்தார். இந்நுண்மயிர்க் கண்ணறைகள் மனிதரிடத்து ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

4. ஒன்று பலவாதல்

செவியின் அமைப்பை அறிந்தோம். முன் எழுப்பிய வினாவோ இன்னும் நிற்கின்றது. மலையில் எழும் அருவியோசை, பறையோசை, பாட்டோசை யாவும் காற்றிற் கலந்து, செவிப்பறையில் ஒரே அசைவாக வந்து படுகின்றன. பறை ஒரே நேரத்தில் இருவகையாக அசைய மாட்டாது. பல ஓடைகள் சேயாற்றிற் கலந்தபின், கரையில் நின்று ஒரு கை நீரை அள்ளி, இத்துணை இன்ன ஓடையின் நீர் என்று பிரித்துரைக்க வல்லார் யார்? கேள்வியில் அச்செயல் ஒவ்வொரு நொடியும் நிகழ்கின்றது.

நத்தைக் குழல் சுருதி வகையாற் பிரிக்கின்றதே, அதுவே போதாதோ எனின், போதாது. பாடுவாளின் குரலிலும் பல சுருதிகள் உள. பறையிலும் பல உள. அருவியில் எல்லாம் உள. குழல் சுருதிகளைப் பிரித்ததேயன்றிப் பொருள்களைப் பிரித்திலது. பிரிந்த கூறுகளுள் எவை ஒரு பொருளுக்கு உரியன என்று மீண்டும் சேர்த்து வகுத்தல் வேண்டும். ஒரே கணத்தில் தொடங்குவன, ஒன்றாக ஏறி இறங்குவன, ஓர் அடிச்சுருதியின் மடங்குகளாய் நிற்பன, ஒரு திசையினின்று வருவன ஆகியவை ஒரு பொருளுக்குரியனவாகத் தொகுக்கப்படுகின்றன.

திசையை அறிதல் இரு செவிகளின் உதவியால் நிகழ்வது. வலப்புறத்து ஓசை வலச்செவியை முன்னும் இடச்செவியைப் பின்னும் அடையும். அவ்விடைக்காலம் மிகுந்த அளவிலும் ஒரு வினாடியைப் பதினாயிரங் கூறாக்கிய ஏழு கூற்றளவே. அதிற் பல மடங்கு நுண்ணிய வேறுபாட்டையும் நாம் உணர்கின்றோம். எதிரொலியிலும் ஒரு நுட்பம் உண்டு. அருகிலுள்ள பாறையிற் பட்டு, வினாடியின் இருபதில் ஒரு கூற்றுக்கும் குறைந்த காலத்தில் திரும்பிவரும் பேச்சொலியை நாம் வேறாகக் கேட்பதில்லை. முதலில் வந்த குரலோடு அதனை ஒன்றாக்கி, முதற்குரல் வந்த திசையையே திசையாகக் கொள்கின்றோம். நெடுந்தொலைவினின்று காலந்தாழ்த்து வருவதையே எதிரொலி என்கின்றோம். இரண்டும் செவியில் ஒரு தன்மையவாகப் புகவும், ஒன்றை விலக்கியும் ஒன்றை ஏற்றும் கேட்கின்றோம் என்பது கருதத்தக்கது.

5. பயின்றதே கேட்கப்படுதல்

மொழியை எடுத்துக்கொள்வோம். தங்கம், பகல், பக்கம் என்னும் சொற்களில் ககரம் வரும் இடங்களை உற்றுநோக்குக. தங்கம் என்பதில் அஃது ஒலிப்புடன் வருகின்றது. பக்கம் என்பதில் ஒலிப்பின்றி வருகின்றது. பகல் என்பதில் நெகிழ்ந்து வருகின்றது. செவியிற் புகுவன வெவ்வேறு ஓசைகள். தமிழர் அவற்றை ஓரெழுத்தாகவே கேட்கின்றனர். வேற்றுமொழியாளர் சிலர்க்கு அவை வேறு வேறு எழுத்துக்கள்.

மற்று, பல் என்பதில் லகரமும், பள் என்பதில் ளகரமும், பழம் என்பதில் ழகரமும் நமக்கு ஐயமின்றி வேறுபட்டுக் கேட்கின்றன. அவ்வேறுபாடில்லாத மொழியிற் பிறந்து வளர்ந்தார்க்கு முதற்கண் அவை ஒன்றாகவே கேட்கும். அவருடைய செவியில் குறையொன்றும் இல்லை. பிறந்த சில திங்களில் எல்லாக் குழந்தைகளும் பல மொழிகளின் ஒலிவேறுபாடுகளை உணரவல்லன என்பதும், ஓராண்டு நிரம்புதற்குள் தம்மைச் சூழ்ந்த மொழிக்கு வேண்டாதனவற்றைப் பெரும்பாலும் கைவிடுகின்றன என்பதும் ஜேனட் வெர்க்கர் முதலியோர் 1984இல் வெளியிட்ட ஆராய்ச்சியால் தெளிவாயின. ஆகவே, கேட்டல் பிறப்பிலேயே நிறைந்து முடிந்ததொரு செயலன்று, பயிற்சியால் உருப்பெறுவது.

6. கருதாவிடத்துக் கேளாமை

கண்ணுக்கு இமை உண்டு; செவிக்கு இல்லை. உறங்குவார் செவியிலும் ஓசை தடையின்றிப் புகுகின்றது. ஆயினும் அவர் கேட்பதில்லை. இடி முழக்கத்திலும் உறங்கும் தாய், தன் மகவின் சிறு சிணுங்கலுக்கு விழித்தெழுதல் யாவரும் அறிந்தது. உறங்குவார் பிறர் பெயரினும் தம் பெயர்க்கு மிகுதியாக அசைதலை ஆசுவால்டு முதலியோர் 1960இல் சோதித்துக் காட்டினர்.

விழித்திருப்பார் நிலையும் இத்தகையதே. 1953இல் கோலின் செரி என்பார், ஒருவர்க்கு இரு செவிகளிலும் இரு வேறு பேச்சுக்களை ஒரே நேரத்தில் ஒலிப்பித்து, ஒன்றை மட்டும் தொடர்ந்து திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். மற்றச் செவியில் ஒலித்த பேச்சின் பொருளைக் கேட்டார் கூற இயலவில்லை. அது வேறு மொழிக்கு மாறியதையும் பெரும்பாலும் உணர்ந்திலர். குரல் ஆணினின்று பெண்ணாக மாறியது போன்ற பருமையான வேறுபாடுகளையே உணர்ந்தனர். அச்செவி பழுதற்றது, ஓசையும் அதிற் புகுந்தது. கருத்து அங்கே செல்லாமையால் கேள்வி நிகழ்ந்திலது.

7. சித்தாந்தம் கூறுவது

இதுகாறும் கூறியவற்றை நம் நூல்களின் முறையில் வைத்து நோக்குவோம். ஞானேந்திரியமாகிய செவி என்பது புறத்தே காணும் உறுப்பன்று. அவ்வுறுப்பை இடமாகக் கொண்டு ஓசையைப் பற்றும் ஆற்றல் என்பர். அது பற்றியதை மனம் ஏற்று இஃதோ அதுவோ என ஐயுறும். அகங்காரம் இதனை நான் துணிவேன் என்று எழும். புத்தி இன்னதே என நிச்சயிக்கும். சித்தம் இவற்றினூடே சிந்தித்து நிற்கும். இவை யாவும் கருவிகளே. அமைச்சரோடு கூடிய அரசன்போல, இவற்றோடு கூடி அறிவது ஆன்மா. இவற்றுள் யாதொன்றும் ஆன்மா அன்று என்பது சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தாற் பெறப்படும்.

சிவஞான சித்தியார் அளவையியலிற் கூறும் காட்சி வேறுபாடுகள் கேள்விக்கும் பொருந்துவன. மலைவழியே செல்வான் ஒருவன் ஏதோ ஓர் ஓசை என்று மட்டும் உணர்தல் நிருவிகற்பம். அருவியோ, மூங்கிற்புதரில் வீசும் காற்றோ என்று அலமருதல் ஐயம். தன் குரலின் எதிரொலியை மற்றொருவன் கூவியதாகக் கொள்ளுதல் திரிபு. இது பன்றி கடியும் பறையின் முழக்கம் என்று பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்பவற்றோடு தெளிதல் சவிகற்பம். இந்நான்கிலும் செவியிற் பட்ட ஓசை ஒன்றேயாகவும் இருத்தல் கூடும். வேறுபட்டது அறிவின் நிலையே.

ஐந்தாஞ் சூத்திரம் இன்னும் ஆழ்ந்து செல்கின்றது. பொறிகள் ஆன்மாவினாற் செலுத்தப்பட்டே தத்தம் புலன்களைப் பற்றுகின்றன. ஆயினும் தம்மையும் அறியா, தம்மைச் செலுத்தும் ஆன்மாவையும் அறியா. அவ்வாறே ஆன்மாவும் முதல்வனால் அறிவிக்கப்பட்டு அறிந்தும் அவனை அறியாது நிற்கும் என்பது அதன் கருத்து. கேளாமல் நின்ற செரியாரின் சோதனைச் செவி, இச்சூத்திரத்தின் முற்பகுதிக்கு ஓர் உவமையாக நிற்கத்தக்கது.

அற்றேல், இந்தச் செயல்களையெல்லாம் மூளையே செய்கின்றது. ஆன்மா என ஒன்று வேண்டா என்பாரும் உளர். மூளையின் பக்கப்பகுதி பழுதுபட்டால், செவி செவ்வையாக இருந்தும் சொற்பொருள் விளங்காமற்போதல் மருத்துவர் கண்ட உண்மையே. அதனை நாம் மறுக்கவில்லை. ஆன்மா கருவியின்றி அறியமாட்டாது என்பதே நம் கொள்கை. இருளில் நிற்பார்க்கு விளக்கு உதவுமாறுபோல, ஆணவத்தால் மறைப்புண்ட உயிர்க்கு மாயையின் காரியமாகிய கருவிகள் உதவுகின்றன. எனவே, மூளையும் கருவிகளுள் அடங்கும். கருவி பழுதானபோது அறிவு தடைப்படுதல் இருதிறத்தார்க்கும் உடன்பாடு. அதுகொண்டு ஆன்மா இல்லை என்றல் பொருந்தாதவாறே, கருவியின் ஆராய்ச்சியால் ஆன்மா நிறுவப்பட்டது என்று நாம் முழங்குதலும் மிகையாம். சோதனை காட்டுவது இவ்வளவே: உறுப்பிற் புகுந்த அசைவு கேள்வி ஆகாது, கருதுவதும், தொகுப்பதும், பயின்றதும் ஆகிய அறிவின் செயல் கூடியபோதே கேள்வி ஆகின்றது.

8. செவிப்புலன் இல்லாதார்

இவ்வுண்மையினின்று பிறக்கும் முடிவு ஒன்றுண்டு. செவி கருவியாயின், செவி இல்லாமை கருவியின் இன்மையேயன்றி அறிபவனின் இன்மை அன்று. ஒரு சாளரம் அடைபட்ட வீட்டை ஆளில்லாத வீடு என்று கூறுவார் உண்டோ? ஆயினும், செவிகேளாதாரை மூடர் என எள்ளியும், நகைப்பிற்குரியாராகக் கதைகளிலும் காட்சிகளிலும் வைத்தும், கல்வி தாராது ஒதுக்கியும் வந்தது நம் குமுகம். ஆன்மா பொறியின் வேறு என்று நாள்தோறும் ஓதும் நாம் இதனைச் செய்தல், ஓதியதை நாமே மறுத்தலாகும்.

ஒரு சாளரம் அடைபடின் மற்றொன்று உதவும். செவிகேளாதார் கையாலும் முகக்குறிப்பாலும் பேசும் மொழி, இலக்கணம் நிரம்பிய முழுமொழியே என்பதை வில்லியம் சுடோக்கி 1960இல் நிறுவினார். அம்மொழியாற் பேசுவாரின் மூளையில் இடப்பாகம் பழுதுறின், வாயாற் பேசுவார்க்குப் பேச்சுக் குலைவதுபோலவே அவர்க்குக் கைம்மொழி குலைகின்றது என்பதும் பின்னர்க் கண்டறியப்பட்டது. ஆகவே, மொழி செவிக்கே உரிய உடைமையன்று. பாளையங்கோட்டையில் பிளாரன்சு சுவெயின்சன் அம்மையார் செவிகேளாத சிறார்க்குப் பள்ளி தொடங்கியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். இந்தியச் சைகை மொழிக்கென ஆராய்ச்சிப் பயிற்சி நிலையம் தில்லியில் அமைந்தது 2015இல். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நெடுங்காலம், எத்துணையோ அறிவாளரை நாம் வாளா இழந்த காலம் என்று கூறுதல் தகும்.

9. நாம் செய்யத்தக்கன

முதலாவது, குழந்தையின் செவியைக் காலந்தாழ்க்காது ஆராய்தல். முன்னர்க் கூறிய செவியின் மெல்லோசை இங்கே பயன்படுகின்றது. உறங்கும் குழந்தையின் செவியிற் சிறு கருவியை வைத்து, அவ்வோசை திரும்பி வருகின்றதா எனச் சில நிமிடங்களில் அறியலாம். நோவு சிறிதும் இல்லை. முதல் திங்களுக்குள் ஆராய்ந்து, மூன்றாம் திங்களுக்குள் உறுதிசெய்து, ஆறாம் திங்களுக்குள் உதவி தொடங்குதல் நன்று என்பது மருத்துவர் கொள்கை. விரைவு எதன் பொருட்டு எனின், கேள்வி பயிற்சியால் உருவாவது என்றும், ஓராண்டிற்குள் மொழியின் அடித்தளம் இடப்படுகின்றது என்றும் முன்னர்க் கண்டோம். அக்காலத்தைத் தவறவிடின் பின்னர்ப் பெருமுயற்சி வேண்டும். நகரத்தார்க்கு எளிதாகிய இவ்வாராய்ச்சி, ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்து வளைந்த மலைச்சாலை வழியே இறங்கிவர வேண்டியார்க்கு அத்துணை எளிதன்று. வயலில் சாமை அறுக்கும் தாய், மகவு பெயர் சொல்லித் திரும்பவில்லையே என்று ஐயுற்றால், வளர்ந்தாற் பேசும் என்று கூறி அவளை அமைதிப்படுத்துதல் நன்மையன்று. உடன் அழைத்துச் செல்லுதலே நன்மை.

இரண்டாவது, உதவி யாதென அறிந்திருத்தல். சிறிது கேட்பார்க்கு ஓசை பெருக்கும் கருவி உண்டு. முற்றும் கேளாக் குழந்தைகட்கு நத்தைக் குழலினுள் நுண்கம்பி பதித்து, நரம்பை நேரே எழுப்பும் சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் ஆறு வயதிற்குட்பட்ட குழந்தைகட்கு இச்சிகிச்சை செய்யப்பட்டு வருகின்றது. ஆயினும், கம்பி பதித்த அன்றே குழந்தை சொல்லைக் கேட்பதில்லை. அதற்கு முதலில் எட்டுவது பொருளற்றதோர் அரவம். பல திங்கள் பொறுமையோடு பழக்கியபின்னரே அவ்வரவம் அம்மா என்னும் சொல்லாகின்றது. ஓசை வேறு, கேள்வி வேறு என்று நாம் இக்கட்டுரையிற் கூறியதை அக்குழந்தையின் தாய் கண்முன்னே காண்கின்றாள். கைம்மொழியைத் தேர்ந்து குழந்தையை வளர்ப்பாரும் உளர். அவரை நாம் குறைகூறல் ஆகாது. எவ்வழியாயினும் மொழி காலத்தில் எட்டவேண்டும் என்பதே வேண்டுவது.

மூன்றாவது, வருமுன் காத்தல். கருவுற்ற காலத்தில் தாய்க்கு வரும் ரூபெல்லா என்னும் காய்ச்சல் கருவின் செவியைக் கெடுக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு. தமிழ்நாட்டில் 2017இல் அது பெரிய இயக்கமாகவே நடத்தப்பட்டது. அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் நெருங்கிய உறவு மணங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை மிகுதியாகத் தோன்றுதலும் மருத்துவர் பலகால் எடுத்துக்காட்டியதே. சொத்து வெளியே போகாமை கருதிச் செய்யும் மணத்தால் மகவின் செவி போகுமாயின், ஈட்டியது யாது?

நான்காவது, உள்ள செவியைப் பேணல். அழிந்த நுண்மயிர்க் கண்ணறை மீளாது என்று கண்டோம். நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்பிடங்களில் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என எல்லை வகுத்துள்ளன. விழாக்காலத்துத் திருக்கோயில்களிற் கட்டப்படும் ஒலிபெருக்கிகள் இவ்வெல்லையைக் காக்கின்றனவா என்பதை அன்பர்கள் தாமே ஆராய்க. ஓதுவார் பாடும் பண் தன் நுட்பத்தோடு உள்ளம் புகுதற்கு, கேட்பாரின் செவி பழுதின்றி இருத்தல் வேண்டும். அச்செவியையே கெடுக்கும் பேரொலியால் வழிபாடு சிறக்கும் என்றல் எங்ஙனம்?

திருவள்ளுவனார் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தனர். அறிவுரையாற் துளைக்கப்படாத செவி, ஓசையைக் கேட்டாலும் கேளாச் செவியே என்பது அவர் கருத்து. தமிழில் கேள்வி என்னும் ஒரு சொல்லே செவியுணர்வையும், கற்றறிதலையும், வினாவையும் குறித்து நிற்பதன் பொருத்தம் இதனால் விளங்கும். செவியுடையேம் நாம் மலையோசையையெல்லாம் கேட்டும், அருகில் நிற்கும் செவியில்லாதான் கையசைத்துக் கூறுவதை நோக்காது கடந்து செல்வோமாயின், அங்கே கேளாதவன் அவன் அல்லன்.